முதலாண்டில் சறுக்கிய பிறகும் மருத்துவம் படிக்கலாம்: அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில், செமஸ்டர் முடிவுகள் இணையத்தில் ஏறும் நாள்களில், அமெரிக்காவில் உள்ள தமிழ் வீடுகள் சிலவற்றில் பேச்சு திடீரென்று நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடம் முழுக்க முதல் வரிசையில் இருந்து, மருத்துவராகப் போகிறேன் என்று சொல்லிக் கல்லூரிக்குப் போன பிள்ளை, பொது வேதியியலில் 'சி', கால்குலஸில் 'டி', உயிரியலில் 'பி மைனஸ்' என்று வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு வந்திருக்கும். அந்த வீட்டில் அடுத்து என்ன செய்வது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இப்படி விழுந்து எழுந்து இன்று மருத்துவர்களாக இருப்பவர்களையும் எனக்குத் தெரியும்; எழுந்து நிற்கத் தெம்பு இருந்தும், அவசரத்தால் வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டவர்களையும் தெரியும். இவ்விரு சாராருக்கும் அறிவில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முன்னவர்கள் ஓரிரு ஆண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளத் துணிந்தார்கள். பின்னவர்கள் தோழர்களோடு சேர்ந்தே விண்ணப்பித்துவிட வேண்டும் என்று துடித்தார்கள்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, நுழைவுத்தேர்வு எழுதி, நேராக எம்.பி.பி.எஸ். வகுப்பில் போய் உட்காரும் முறையைப் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு இங்குள்ள ஏற்பாடு எளிதில் பிடிபடுவதில்லை. இங்கே பெரும்பாலோர் முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற வேண்டும். எந்தத் துறையில் பட்டம் பெற்றாலும் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்களை, உரிய ஆய்வகங்களோடு, படித்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வு எழுத வேண்டும். அதன் பிறகே நான்காண்டு மருத்துவக் கல்வி. ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் எம்.டி. (இங்கே அடிப்படை மருத்துவப் பட்டமே எம்.டி.தான்) கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், ஏறத்தாழ 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.8ஐயும், சராசரி எம்கேட் மதிப்பெண் 512ஐயும் ஒட்டி நிற்கிறது. இந்த எண்களைப் பார்த்தவுடன் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சராசரி என்றாலே அதற்குக் கீழும் பலர் இருக்கிறார்கள் என்றுதான் பொருள். ஆனால் கீழே இருந்து உள்ளே போனவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தங்கள் தகுதியை வேறு சான்றுகளால் நிறுவியிருக்கிறார்கள். அந்தச் சான்றுகளை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதே இனி வரும் செய்தி.

முதலில் நிறுத்துங்கள்

மோசமான ஒரு செமஸ்டருக்குப் பிறகு மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, அடுத்த செமஸ்டரில் கூடுதல் பாடங்களை எடுத்துக்கொண்டு இழந்ததை ஒரே மூச்சில் பிடித்துவிட முயல்வதாகும். பதினெட்டு கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு), அவற்றில் மூன்று ஆய்வகப் பாடங்கள், வார இறுதியில் மருத்துவமனைத் தொண்டு என்று அட்டவணையை நிரப்பிக்கொண்டு வந்து காட்டுவார்கள். நான் பார்த்தவரையில் இது பெரும்பாலும் இரண்டாவது சறுக்கலில்தான் முடிகிறது. முதல் சறுக்கலை மன்னிக்கிற மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக் குழு, அதன் பின் வருகிற இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு பழக்கமாகப் படித்துவிடும். ஆகவே அடுத்த செமஸ்டரில் பன்னிரண்டு முதல் பதினான்கு கிரெடிட் வரை, கடினமான அறிவியல் பாடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அவ்வளவே எடுங்கள். முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடாமல் இருக்கப் பொதுவாகப் பன்னிரண்டு கிரெடிட் வேண்டும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். உதவித்தொகையும், விசாவில் இருப்பவர்களுக்கு விசா நிலையும் அதைச் சார்ந்தவை.

நடந்துகொண்டிருக்கும் செமஸ்டரிலேயே ஒரு பாடம் கைநழுவுவது தெரிந்தால், விலகுவதற்கான கடைசி நாளைப் பல்கலைக்கழக நாள்காட்டியில் பார்த்துவைத்துக்கொண்டு, அதற்கு முன் 'டபிள்யூ' என்ற விலகல் குறியை வாங்கி விலகுங்கள். ஒன்றிரண்டு 'டபிள்யூ'க்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அவை ஜி.பி.ஏ.வில் சேர்வதுமில்லை. 'எஃப்' அப்படியல்ல, அது இறுதிவரை கூடவே வரும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிக்கொண்டு நேராகப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டப் போகும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்ன நோய் என்று தெரியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது அது.

மிகப் பரவலான காரணம், பள்ளியில் கைகொடுத்த படிப்பு முறை கல்லூரியில் கைகொடுக்காமல் போவது. உயர்நிலைப் பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கும் ஒப்படைப்புகளுக்கும் கணிசமான மதிப்பெண் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு குறிப்புகளை இரண்டு முறை வாசித்தால் போதும். கல்லூரியில் மூன்று இடைத்தேர்வுகளும் ஓர் இறுதித்தேர்வும் ஏறத்தாழ எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன, வகுப்பில் சொல்லாத வடிவிலேயே கேள்விகளும் வருகின்றன. இந்தக் காரணம் மட்டும்தான் என்றால் ஒரு செமஸ்டரிலேயே சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது, நேரம். குடும்பக் கடையிலோ உணவகத்திலோ வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் வேலை செய்தபடி, நாளுக்கு இரண்டு மணி நேரம் பேருந்தில் போய்வரும் மாணவருக்குப் படிப்பு முறையைப் பற்றி உபதேசிப்பதில் பயனில்லை. வேலை நேரத்தைக் குறைக்க நிதியுதவி அலுவலகத்தில் என்ன வழி உண்டு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உடல்நலமும் மனநலமும். பகல் பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்காத, போன் எடுக்காத, வகுப்புக்கே போகாத பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசும் முன், மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கல்லூரிக்கு வந்த பிறகே முதன்முறையாகக் கவனக்குறைவுக் கோளாறு கண்டறியப்படும் மாணவர்களும் உண்டு. அவர்கள் மாற்றுத்திறன் சேவை அலுவலகத்தில் பதிவு செய்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கலாம். செமஸ்டர் முழுவதும் நோயில் போயிருந்தால், மருத்துவக் காரணத்துக்காக மொத்தமாக விலகும் நடைமுறை பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசக் கூச்சம் இருப்பதை அறிவேன். அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த விலையை நான் சிலரது மதிப்பெண் பட்டியல்களில் எண்களாகவே பார்த்திருக்கிறேன்.

நான்காவதைச் சொல்லத் தயங்குகிறேன், என்றாலும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு மருத்துவத்தில் உண்மையிலேயே விருப்பம் இருக்கிறதா? கரிம வேதியியலில் திணறிக்கொண்டிருந்த ஒரு மாணவி, என் அறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிய பிறகு, தனக்கு வேண்டியது மொழியியல் என்று சொன்னாள். அதை அதற்கு முன் யாரிடமும் அவள் சொன்னதில்லை. பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் எதுவாக இருந்தாலும் ஏற்கும் முகத்தோடு கேட்க வேண்டும். இன்னொன்று: பதினெட்டு வயது கடந்த மாணவரின் மதிப்பெண்கள் சட்டப்படி அவருடையவை, அவர் ஒப்புதல் இல்லாமல் கல்லூரி அவற்றைப் பெற்றோருக்குத் தருவது வழக்கமில்லை. பிள்ளை தானாக வந்து சொல்லும்படி வீட்டுச் சூழலை வைத்திருப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை.

கட்டம் போட்ட தாளில் ஒரு கணக்கு

காரணம் தெரிந்த பிறகு கணக்குக்கு வாருங்கள். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை ஆம்காஸ். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் அதை நடத்துகிறது. உங்கள் கல்லூரி போட்டுத் தரும் ஜி.பி.ஏ.வை ஆம்காஸ் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, தன் விதிப்படி தானே கணக்கிடுகிறது. அந்த விதிகளில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண்ணும் புதிய மதிப்பெண்ணும் இரண்டுமே கணக்கில் சேரும். உங்கள் கல்லூரி பழையதை மன்னித்து நீக்கியிருந்தாலும் ஆம்காஸ் நீக்காது. சமுதாயக் கல்லூரியில் படித்ததும், பள்ளியில் இருந்தபோதே கல்லூரிக் கிரெடிட்டுக்காகப் படித்ததும் சேரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்குக்கும் தனியாக ஓர் அறிவியல் ஜி.பி.ஏ. உண்டு. பட்டத்துக்குப் பிறகு படிக்கும் இளநிலைப் பாடங்கள் மொத்த இளநிலை ஜி.பி.ஏ.வில் சேரும், முதுநிலைப் பாடங்கள் சேராமல் தனி வரியில் நிற்கும்.

இப்போது ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். முதலாண்டு 30 கிரெடிட், 2.4, இரண்டாமாண்டு 30 கிரெடிட், 2.8. பெருக்கிக் கூட்டினால் 72, 84, ஆக 156 புள்ளிகள். மூன்றாமாண்டு 3.7, நான்காமாண்டு 3.9 என்று உயர்த்தினால் 111, 117, ஆக 228. மொத்தம் 384ஐ 120ஆல் வகுத்தால் 3.2 வருகிறது. பட்டம் பெற்ற பிறகு இன்னும் ஓராண்டு 30 கிரெடிட்டை 3.9இல் முடித்தால் 501ஐ 150ஆல் வகுக்க வேண்டும்: 3.34. மூன்றாண்டு கடும் உழைப்புக்குப் பிறகு 3.34தானா என்று மனம் சோர்வது இயல்பு. ஆனால் ஆம்காஸ் அந்த ஒற்றை எண்ணை மட்டும் கல்லூரிகளுக்கு அனுப்புவதில்லை. முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, நான்காமாண்டு, பட்டத்துக்குப் பின் என்று ஆண்டுவாரியாக வரிகளைப் போட்டு அனுப்புகிறது. 2.4, 2.8, 3.7, 3.9, 3.9 என்று அந்த வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும் ஒருவருக்கு வேறு விளக்கமே வேண்டியதில்லை. ஆண்டுதோறும் 3.3 வாங்கி அதே 3.3இல் நிற்பவரின் பட்டியலைவிட இந்தப் பட்டியல் வலுவானது என்பது என் கருத்து. நீங்கள் மாற்ற வேண்டியது மொத்த எண்ணைவிட இந்த வரிகளின் போக்கைத்தான்.

இதே கணக்கு இன்னோர் உண்மையையும் காட்டும். கிரெடிட் கூடக் கூட எண் அசைவது கடினமாகிறது. முதலாண்டிலேயே விழித்துக்கொள்பவருக்கும் நான்காமாண்டில் விழித்துக்கொள்பவருக்கும் உள்ள தொலைவு பெரிது.

ஆஸ்டியோபதி என்னும் மருத்துவ மரபில், எம்.டி.க்கு இணையான டி.ஓ. பட்டம் தரும் கல்லூரிகளுக்கு ஆகோமாஸ் என்ற தனிச் சேவை உண்டு. திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிடும் சலுகை முன்பு அங்கே இருந்தது. 2017இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. ஊரார் சொல்வதை நம்பி இன்னும் அந்தச் சலுகையை எதிர்பார்த்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஏமாற வேண்டாம். டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்கு இன்னொரு சேவை. அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: டெக்சாஸ்வாசி ஒருவர், பத்தாண்டுக்கு முற்பட்ட தம் கல்லூரிப் பாடங்கள் அனைத்தையும் கணக்கில் கொள்ளாமல் விடும்படி கேட்கலாம். நல்ல மதிப்பெண்களும் அவற்றோடு சேர்ந்தே போய்விடும், அந்தக் கிரெடிட்டுகளை மீண்டும் சம்பாதிக்க வேண்டும். முப்பதுகளில் மீண்டும் முயல்பவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

எதைத் திரும்பப் படிப்பது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. கட்டாயப் பாடம் ஒன்றில் 'சி மைனஸ்' அல்லது அதற்குக் கீழே வாங்கியிருந்தால் திரும்பப் படியுங்கள். பல கல்லூரிகள் அதை ஏற்பதில்லை. 'பி' வாங்கியதைத் தொடாதீர்கள். 'சி' என்றால், அடிப்படை உறுதியாக இருக்கிறதா என்று நேர்மையாகச் சோதித்துவிட்டு, உறுதியாக இருந்தால் மேல்நிலைப் பாடத்துக்குப் போய் அங்கே 'ஏ' வாங்குங்கள். பொது வேதியியலில் 'சி' வாங்கியவர் உயிர்வேதியியலில் 'ஏ' வாங்கினால், பழைய 'சி' தானாகவே வலுவிழக்கும்.

தவறுகளின் நோட்டு

நான் கரிம வேதியியல் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரே பயிற்சியை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எந்தப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

ஒரு தடித்த நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். பாடநூலின் கணக்குகளை விடைப்பக்கத்தைப் பார்க்காமல், நேரம் வைத்துச் செய்யுங்கள். தவறாகப் போன கணக்கை மட்டும் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கத்தில், சரியான விடையை எழுதாமல், எந்த இடத்தில் எந்த எண்ணத்தால் தடம் மாறினீர்கள் என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ஒரு மாணவன் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது: "மூன்றாம் நிலைக் கார்பன் என்பதைக் கவனிக்காமல், தாக்கும் வினைபடுபொருள் வலுவானது என்ற ஒன்றை மட்டும் பார்த்து எஸ்.என்.2 வகை வினை என்று எழுதிவிட்டேன்." இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபோது அதே வாக்கியம் சொல் மாறாமல் ஐந்து இடங்களில் இருந்ததை அவனே கண்டுபிடித்தான். ஐந்து வெவ்வேறு தவறுகள் என்று அவன் நினைத்திருந்தது ஒரே தவறு. அது தெரிந்த பிறகு அதைக் களைய ஒரு மாலை நேரம் போதுமாக இருந்தது. குறிப்புகளை மஞ்சள் மையால் தீட்டித் தீட்டி வாசிக்கும் மாணவருக்கு இந்த ஐந்தும் ஒன்று என்பது தேர்வு நாள் வரை தெரியவே தெரியாது.

இதோடு, பேராசிரியர் தம் அறையில் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்துக்கு வாரந்தோறும் போங்கள், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். புரியவில்லை என்று பொதுவாகச் சொல்லி நிற்பவருக்கு எங்களால் அதிகம் உதவ முடிவதில்லை. பக்கத்தைத் திறந்து காட்டுபவருக்கு உதவ முடியும். பிற்காலத்தில் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறவரும் அவர்தான். 'சி'யில் தொடங்கி 'ஏ'யில் முடித்த மாணவரைப் பற்றி எழுத எங்களுக்கு நிறையச் செய்தி இருக்கும்.

பட்டத்துக்குப் பின்

நான்காண்டுக்குள் பட்டியல் நிமிரவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பட்டம் பெற்ற பிறகும் இளநிலை அறிவியல் பாடங்களைத் தொடர்ந்து படிப்பது. இதற்கென்று பெயர்பெற்ற திட்டங்கள் சில இருந்தாலும், பிரின் மார், கௌச்சர் போன்ற கல்லூரிகளின் புகழ்பெற்ற திட்டங்கள் அறிவியலே படிக்காமல் பட்டம் பெற்று மருத்துவத்துக்கு மாற விரும்புவோருக்கானவை. மதிப்பெண்ணை உயர்த்த வருவோருக்கு அவை இடம் தருவதில்லை. உங்கள் ஊர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல், மரபியல், உயிரணு உயிரியல், நோயெதிர்ப்பியல் என்று நீங்களாகவே தேர்ந்தெடுத்துப் படிப்பது செலவு குறைந்த வழி, மொத்த ஜி.பி.ஏ.வும் உயரும்.

இரண்டாவது, மருத்துவக் கல்லூரிகளே நடத்தும் ஓராண்டு சிறப்பு முதுநிலைத் திட்டம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் திட்டம் இவற்றில் மூத்த ஒன்று. அதில் சேர்பவர் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களையே படித்து, அவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படுகிறார். நன்றாகச் செய்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. சறுக்கினால் மீள்வது மிகமிகக் கடினம். ஆகையால் இதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தது இரண்டு செமஸ்டர் தொடர்ந்து 'ஏ' வாங்கிக் காட்டாத எவரும் இதில் சேரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பணத்தையும் எண்ணிப் பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிராட் பிளஸ் என்ற கூட்டரசு முதுநிலைக் கடன் இல்லை. முதுநிலைப் படிப்புக்கான கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் என்றும், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்றும் வரம்பு வந்துவிட்டது. சிறப்பு முதுநிலைத் திட்டங்கள் பலவற்றின் செலவு அந்த 20,500ஐத் தாண்டிவிடும்.

எம்கேட்

இந்தத் தேர்வு 472இலிருந்து 528 வரை மதிப்பிடப்படுகிறது. நான்கு பிரிவுகள், 230 கேள்விகள், இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம். ஜி.பி.ஏ. குறைந்தவருக்கு எம்கேட் ஒரு வாய்ப்பு. ஆனால் உயர்ந்த எம்கேட் மதிப்பெண் பழைய பட்டியலை அழித்துவிடும் என்று எண்ணுவது தவறு. அறிவு இருந்தும் உழைக்காதவர் என்ற எண்ணத்தைக்கூட அது உண்டாக்கக்கூடும். நிமிர்ந்த பட்டியலோடு சேர்ந்து வரும்போதுதான் அதற்குப் பலன். ஜி.பி.ஏ.வும் எம்கேட்டும் சேர்ந்து எத்தனை விழுக்காட்டினருக்கு இடம் பெற்றுத் தந்தன என்ற கட்ட அட்டவணையை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் இலவசமாக வெளியிடுகிறது. உங்கள் கட்டத்தை அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த ஈராண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என்பது வரம்பு. எழுதிய மதிப்பெண்கள் எல்லாம் கல்லூரிகளுக்குத் தெரியும். "சும்மா ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்" என்பது இங்கே செல்லாது. உயிர்வேதியியல் முடிந்த பிறகு மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்கி, சங்கமே வெளியிடும் முழுநீள மாதிரித் தேர்வுகளைத் தேர்வுச் சூழலிலேயே எழுதுங்கள். கடைசி இரண்டு மூன்று மாதிரிகளின் சராசரி உங்கள் இலக்கைத் தொடவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். கட்டணம் 300 டாலருக்கு மேல். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சங்கத்தின் கட்டண உதவித் திட்டம் உண்டு.

மருத்துவமனை அனுபவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நோயாளிகளுக்கு அருகில் இருந்த அனுபவம் இல்லாமல் இடம் கிடைப்பது அரிது. மருத்துவரின் குறிப்பெழுத்தராகவோ, அவசர ஊர்தியிலோ, முதியோர் இல்லத்திலோ, ஒரே இடத்தில் தொடர்ந்து ஈராண்டு வேலை செய்யுங்கள். மதிப்பெண் நிமிரும் வரை வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதும். மதிப்பெண்ணைத் தொண்டு ஈடுகட்டும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

டி.ஓ., கரீபியன், இந்தியா

டி.ஓ. என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த மரபு அது. இன்று டி.ஓ. பட்டதாரிகள் ஐம்பது மாநிலங்களிலும் எம்.டி.க்களுக்கு இணையான முழு உரிமத்தோடு மருந்தெழுதுகிறார்கள், அறுவை செய்கிறார்கள். 2020இலிருந்து இரு தரப்பினருக்கும் உறைவிடப் பயிற்சிக்கான (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சி) அங்கீகார முறையும் ஒன்றாகிவிட்டது. சேர்வோரின் சராசரி ஜி.பி.ஏ. 3.6, எம்கேட் 504 என்ற அளவில் இருப்பதால், சறுக்கி எழுந்தவருக்கு இங்கே வாய்ப்பு கூடுதல். சில சிறப்புத் துறைகளில் எம்.டி.க்களுக்குக் கூடுதல் வரவேற்பு இருப்பதும் உண்மை. அதற்காக ஒரு நல்ல வழியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

கரீபியன் தீவுகளின் கல்லூரிகள் விரைவில் இடம் தரும். முடிவெடுக்கும் முன் ஓர் எண்ணைப் பாருங்கள்: 2024இல் உறைவிடப் பயிற்சி இடம் பெற்றவர்கள், எம்.டி. இறுதியாண்டினரில் 93.5 விழுக்காடு, டி.ஓ. இறுதியாண்டினரில் 92.3, வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67. இந்தக் கணக்கில் இடையிலேயே படிப்பை விட்டவர்கள் இல்லை. அவர்களிடம் பட்டம் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். இங்கே இரண்டு முறை கவனமாக விண்ணப்பித்துத் தோற்ற பிறகே அந்தப் பக்கம் பார்க்கலாம் என்பேன். ஊருக்கு அனுப்பி வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டில் படிக்க வைக்கலாமே என்று தாத்தா பாட்டி சொல்வார்கள். அதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். படித்துத் திரும்பினாலும் வெளிநாட்டுப் பட்டதாரியாகவே போட்டியிட வேண்டும்.

எச்4 விசாவில் (பணி விசாவில் இருப்பவரைச் சார்ந்தவர்களுக்கானது) வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். 21 வயதில் சார்பு நிலை முடிந்து, பெரும்பாலோர் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். பல மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக மாநிலக் கல்லூரிகள், குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எடுக்கின்றன. கூட்டரசுக் கடனும் அவர்களுக்கு மட்டுமே. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்.எஸ்.ஏ.ஆர். என்னும் தரவுத்தளத்தில், எந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவரை ஏற்கிறது என்பதைத் தனித்தனியே பார்க்கலாம்.

விண்ணப்பிக்கும் ஆண்டு

கடைசி அறுபது கிரெடிட்டும் 3.7க்கு மேல், எம்கேட் கையில், பரிந்துரைக் கடிதங்கள் தயார் என்ற மூன்றும் சேர்ந்த ஆண்டே விண்ணப்பிக்கும் ஆண்டு. ஆம்காஸ் படிவம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மாத இறுதியில் அனுப்பலாம், ஜூன் இறுதியில் கல்லூரிகளுக்குப் போகும். விண்ணப்பங்கள் வரவர இடங்களை நிரப்பும் முறை என்பதால், ஜி.பி.ஏ. குறைந்தவர் செப்டம்பரில் அனுப்புவது தன் காலில் தானே கல்லைப் போட்டுக்கொள்வதாகும். எம்கேட் முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்பதால் ஏப்ரலுக்குள் எழுதி முடித்திருப்பது நல்லது. கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் மாநிலக் கல்லூரிகள் எல்லாம், அடுத்து உங்கள் எண்களுக்கு அருகில் இருக்கும் தனியார் எம்.டி. கல்லூரிகள், கூடவே குறைந்தது பத்து டி.ஓ. கல்லூரிகள்.

கல்வி காரணமாகக் கல்லூரி உங்கள் மீது நடவடிக்கை எடுத்ததா என்று படிவம் கேட்கும். இடைநீக்கமோ நன்னிலை இழப்போ இருந்தால், அது நடவடிக்கையாகக் கருதப்படுகிறதா என்று உங்கள் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு, உள்ளபடி பதில் எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், கிடைத்த இடமும் போய்விடும்.

தன்விளக்கக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகளுக்குத்தான் இடம். அதை முதலாண்டுத் தோல்விக்காகச் செலவழிக்காதீர்கள். அது ஏன் மருத்துவம் என்பதற்கான இடம். தோல்வியைப் பற்றி, கல்லூரிகள் தனித்தனியே அனுப்பும் இரண்டாம் கட்ட விண்ணப்பங்கள் பல நேரடியாகவே கேட்கும். அங்கே ஒரு மாணவி முதலில் எழுதிய வரைவில், பேராசிரியர் சரியாக நடத்தவில்லை, அறைத்தோழி தொந்தரவு செய்தாள், ஊரில் பாட்டி காலமானார் என்று மூன்று பத்திகள் இருந்தன. பாட்டியின் மறைவு உண்மையான துயரம். மற்ற இரண்டும் அதைக்கூட நம்ப முடியாததாக்கிவிட்டன. நான்காவது வரைவில் நான்கு வாக்கியங்கள் மட்டும் மிஞ்சின: பாட்டியின் மறைவுக்குப் பிறகு வகுப்புக்குப் போகாமலும் உதவி கேட்காமலும் இருந்தேன், அடுத்த ஆண்டு மனநல ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கினேன், பாடச்சுமையைக் குறைத்துப் படிப்பு முறையை மாற்றினேன், அதற்குப் பிறகு படித்த எழுபத்திரண்டு கிரெடிட்டில் ஒரு 'பி' தவிர மற்றவை 'ஏ'.

நேர்காணலிலும் அந்தக் கேள்வி வரும். அதே நான்கு வாக்கியங்களை, மனப்பாடம் போல் ஒப்பிக்காமல், ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வீட்டில் பலமுறை பேசிப் பழகுங்கள். நிறுத்திய பிறகு வரும் அமைதியில் பதற்றப்பட்டு ஐந்தாவது வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். அவர் அடுத்த கேள்விக்குப் போவார்.